கோட்டுக்குக் கீழே இருப்பது

ஒரு கிலோ பஞ்சு கனமா, ஒரு கிலோ இரும்பு கனமா? சிறுவயதில் இந்தக் கேள்வியில் ஏமாறாதவர்கள் குறைவு. ‘இரும்பு’ என்று வாய் முந்திக்கொள்ளும். கேட்டவன் சிரித்துவிட்டு, இரண்டும் கிலோதானே என்பான். மறுநாள் நாம் போய் இன்னொருவனிடம் கேட்டுச் சிரிப்போம். ஆனால் அந்தச் சிரிப்பிலும் ஒரு பிழை இருக்கிறது. தராசு காற்றுக்குள் நிற்கிறது. கிணற்றில் இறங்கியவனைத் தண்ணீர் தூக்கிக் கொடுப்பதுபோல, காற்றும் தன்னை ஒதுக்கி இடம்பிடித்த பொருளைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறது. ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். ஒரு கிலோ இரும்பு பிடிக்கும் இடம் ஏறக்குறைய 127 கன சென்டிமீட்டர் என்பதால் காற்று அதற்குத் தரும் தூக்கல் 0.15 கிராம்.

பஞ்சுக்கு எவ்வளவு? இங்கேதான் கை தயங்க வேண்டும். மூட்டையின் நீள அகல உயரத்தைப் பெருக்கினால் தப்பாகிவிடும். இழைகளுக்கு நடுவில் இருப்பதும் காற்றுதான். அது எங்கும் ஒதுங்கவில்லை. ஒதுங்கியது இழை பிடித்த இடத்துக் காற்று மட்டுமே. பஞ்சிழையின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு. ஆக ஒரு கிலோ பஞ்சின் உண்மையான பருமன் சுமார் 650 கன சென்டிமீட்டர், தூக்கல் 0.78 கிராம். தராசு முள் நடுவில் நிற்கும்போது பஞ்சுத் தட்டில்தான் அரைக் கிராமுக்கு மேல் பொருள் கூடுதலாகக் கிடக்கிறது.

அடர்த்தி என்பது நிறையைப் பருமனால் வகுத்து வருவது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு வரியில் எழுதிவிடுகிற வாய்பாடு. இலங்கைப் பாடநூல்களில் அதே வாய்பாடு திணிவின் கீழ் கனவளவு என்று இருக்கும், சொல்தான் வேறு. கோட்டுக்கு மேலே இருக்கிற எண்ணைத் தராசு தந்துவிடும். மனிதன் அளக்கக் கற்றவற்றில் மிகத் துல்லியமானவற்றுள் நிறையும் ஒன்று. தொல்லையெல்லாம் கோட்டுக்குக் கீழே. ஒரு பொருள் பிடித்திருக்கும் இடம் எவ்வளவு என்ற கேள்வி, கேட்கும்போது எளிதாகத் தோன்றிப் பதில் தேடும்போது நழுவிவிடும். அடர்த்தியை அளந்தவர்களின் வரலாற்றைப் புரட்டினால், அதில் பெரும்பகுதி பருமனை நேராக அளக்காமல் தப்பிக்கச் செய்த தந்திரங்களின் வரலாறாகவே எனக்குத் தெரிகிறது.

நம் பேச்சுமொழி இந்தச் சிக்கலுக்கு உதவுவதில்லை. ‘கனம்’ என்றால் பாரம்; ‘கன அடி’ என்றால் பருமன்; ‘கனமான துணி’ என்றால் தடிமன்; ‘கனம் கோர்ட்டார் அவர்களே’ என்றால் மரியாதை. எதைப் பிரித்துப் பார்ப்பதுதான் அடர்த்தியோ, அந்த இரண்டையும் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறோம். இன்னொரு குழப்பம் ‘கெட்டி’. விளக்கெண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டி என்பது கண்ணால் பார்த்த உண்மை. ஆனால் அதன் அடர்த்தி 0.96தான், தண்ணீர்மேல் மிதக்கும். மெதுவாக ஒழுகுவது பிசுபிசுப்பு; அதற்கும் அடர்த்திக்கும் உறவில்லை. தேன் கெட்டியாகவும் இருக்கிறது, 1.4 அடர்த்தியும் இருக்கிறது. அதனால்தான் அது கிண்ணத்துத் தண்ணீரில் நேரே அடிக்கு இறங்குகிறது. அதைப் பார்த்துச் சுத்தத் தேன் என்று சத்தியம் செய்பவர்கள், வெல்லப்பாகையும் ஒருமுறை ஊற்றிப் பார்க்கலாம்.

ஆர்க்கிமிடீசின் கதை எல்லோருக்கும் தெரியும். சிரக்கூஸ் மன்னன் ஹீரோ, கிரீடத்தில் வெள்ளி கலந்த பொற்கொல்லன், குளியல் தொட்டி, ஆடையில்லாமல் ஓடிய அறிஞர். நமக்கு இதைச் சொன்னவர் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர். ஆர்க்கிமிடீசுக்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு பிந்தியவர். அவர் சொன்னபடி கிரீடத்தைத் தண்ணீரில் முக்கி, வழிந்ததை அளந்தால் களவு பிடிபடுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிரீடம் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். முழுத் தங்கம் என்றால் 51.8 கன சென்டிமீட்டர். முப்பது சதவீதம் வெள்ளி கலந்திருந்தால் 64.8. வித்தியாசம் 13. கிரீடம் இறங்கும் அளவுக்கு வாயகன்ற பாத்திரம், 20 சென்டிமீட்டர் விட்டம் என்றால், நீர்மட்டத்தில் தெரியும் வேறுபாடு 0.4 மில்லிமீட்டர். விளிம்பில் தண்ணீர் வழியாமல் உப்பி நிற்பதே அதைவிட அதிகம். அந்தக் கதையின்படி அந்தக் கொல்லன் தப்பித்திருப்பான்.

இதை 1586-இல், 22 வயதில், கலிலியோ கவனித்தார். வழிந்த நீரை அளப்பது ஆர்க்கிமிடீசுக்குத் தகுந்த வேலையல்ல என்று கருதிய அவர், சிறு தராசு பற்றி எழுதிய குறிப்பில் வேறு வழி சொன்னார். பொருளைக் காற்றில் ஒருமுறை, தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒருமுறை எடைபோடு. குறைந்த எடை எவ்வளவோ, அதுதான் ஒதுங்கிய தண்ணீரின் எடை. மேலே சொன்ன கிரீடங்களை இப்படி நிறுத்தால் வேறுபாடு 13 கிராம். காய்கறிக்கடைத் தராசுகூடக் காட்டிக்கொடுத்துவிடும். ஆர்க்கிமிடீஸ் எழுதிய மிதக்கும் பொருள்கள் பற்றிய நூலில் இதற்கான கொள்கை இருப்பதால், உண்மையில் அவர் செய்ததும் இதுவாகவே இருக்கலாம். கலிலியோவுக்கு வெகு முன்பே, பதினோராம் நூற்றாண்டில் அல்-பிரூனி கூம்பு வடிவக் குடுவை ஒன்றைக் கொண்டு உலோகங்களையும் மணிக்கற்களையும் அளந்திருக்கிறார். மெர்வ் நகரத்து அல்-காசினி 1121-இல் தராசைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதினார். இவர்கள் எல்லோரும் செய்த காரியம் ஒன்றே: பருமனை எடையாக மாற்றிக்கொண்டார்கள். மேலே ஒரு தராசு, கீழேயும் ஒரு தராசு.

இதை வீட்டிலும் செய்யலாம்; செய்முறை ஒன்று எனக்குப் பிடித்தமானது. நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சின்ன மின்னணுத் தராசு வேண்டும். அதன்மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துச் சுழியாக்கிக்கொள்ளுங்கள். வளையலை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். வளையலை உங்கள் கை தாங்குகிறது; ஆனாலும் தராசு ஓர் எண்ணைக் காட்டும். வளையல் ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. வளையல் 16.00 கிராம், தண்ணீரில் காட்டியது 0.90 என்று வைப்போம். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் 0.9957 கிராம்தான். ஆகவே பருமன் 0.904, அடர்த்தி 17.7.

இந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? சுத்தத் தங்கம் 19.3. 916 தங்கத்தில் மீதி 8.4 சதவீதமும் செம்பு என்றால் 17.6 வரும், முழுக்க வெள்ளி என்றால் 18.0. நம் வளையல் நடுவில் விழுகிறது. 18 காரட்டாக இருந்தால் 15-க்கும் 16-க்கும் இடையில் வந்திருக்கும். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கலவையின் அடர்த்தியைச் சராசரியாகக் கணக்கிடக் கூடாது. எடை விகிதம் தெரிந்தால் ஒவ்வொன்றின் பருமனையும் தனித்தனியே கண்டு கூட்டி, மொத்த எடையை அதனால் வகுக்க வேண்டும். 91.6 கிராம் தங்கம் 4.74 கன சென்டிமீட்டர், 8.4 கிராம் செம்பு 0.94, கூட்டினால் 5.68, நூறை இதால் வகுத்தால் 17.6. தங்கத்தின் 19.3-ஐயும் செம்பின் 8.96-ஐயும் விகிதப்படி சராசரி எடுத்தால் 18.4 வரும், அது தப்பு. தேர்வுத்தாளில் பிள்ளைகள் விழும் குழி இதுதான். ஒரு பவுன் நகை, அதாவது எட்டுக் கிராம், மொத்தமே 0.45 கன சென்டிமீட்டர்; ஒன்பது சொட்டுத் தண்ணீர் பிடிக்கும் இடம். அதற்குள்தான் இத்தனை கல்யாணப் பேச்சுகளும் நடக்கின்றன.

ஆனால் இந்த முறையை நம்பி யாரும் நகைக்கடையில் சண்டைக்குப் போக வேண்டாம். கல் வைத்த நகையில் கல்லின் பருமனும் சேர்ந்துகொள்ளும். உள்ளே அரக்கு வைத்த பழைய நகை என்றால் எண் தலைகீழாகப் போய்விடும். சங்கிலிக் கண்ணிகளுக்குள் ஒட்டிக்கொண்ட காற்றுக்குமிழி ஒன்றிரண்டே நல்ல தங்கத்தை 18 காரட்டாக்கிக் காட்டும். எதிர்த்திசையிலும் ஏமாற்று உண்டு. டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி 19.25, தங்கத்தோடு ஒட்டி நிற்கிறது. டங்ஸ்டன் கட்டிக்குத் தங்க முலாம் பூசினால் ஆர்க்கிமிடீசே வந்தாலும் அடர்த்தியால் பிடிக்க முடியாது. ஊடுகதிர் ஒளிர்வுக் கருவி தோலை மட்டும் பார்க்கும், அடர்த்தி உடல் முழுவதையும் பார்க்கும், உரைகல் உரசிய இடத்தைப் பார்க்கும். உலையில் இட்டு உருக்கிப் பிரிப்பதுதான் கடைசித் தீர்ப்பு. ஒன்று ஏமாறும் இடத்தில் இன்னொன்று ஏமாறாது என்பதால் எல்லாமே பிழைத்திருக்கின்றன.

திரவங்களில் வேலை இன்னும் நயமானது. நீர்மானியை மிதக்கவிட்டால் அது தன் எடைக்குச் சமமான திரவத்தை ஒதுக்கும் வரை இறங்கி நிற்கும். அடர்த்தி கூடினால் கொஞ்சம் இறங்கினால் போதும். பருமனை அளக்க வேண்டிய பொறுப்பைத் திரவத்திடமே ஒப்படைத்தாயிற்று. இதன் நாட்டு வடிவம் கோழிமுட்டை. விதைநெல் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பாத்திரத் தண்ணீரில் புது முட்டையைப் போடுவார்கள், மூழ்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முட்டை மேலே வந்து, பழைய நாலணா நாணயம் அளவுக்குத் தலைகாட்டும். அந்த உப்புநீரில் விதையைக் கொட்டினால் பதரும் அரைவிளைச்சலும் மிதக்கும். முற்றிய நெல் அடியில் தங்கும். முட்டையின் அடர்த்தி 1.08-இலிருந்து 1.09 வரை, உப்புநீர் அதைக் கொஞ்சம் தாண்டினால்தான் நாணயம் தெரியும். முட்டை புதிதாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. நாள்பட்ட முட்டைக்குள் காற்றறை பெருத்துவிடும். அது வெறும் தண்ணீரிலேயே எழும்பப் பார்க்கும்.

தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் இதே வேலையைப் போமே அளவுகோல் செய்கிறது. அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் 1768-இல் வகுத்தது. சுத்தத் தண்ணீர் சுழி டிகிரி, நூற்றுக்குப் பதினைந்து பங்கு உப்புள்ள நீர் பதினைந்து டிகிரி. 145-ஐ, 145-இலிருந்து டிகிரியைக் கழித்து வந்ததால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். கடல்நீர் மூன்றரை டிகிரிக்குள் வரும், அதாவது 1.025. பாத்திகளில் வெயில் குடிக்கக் குடிக்க அது ஏறுகிறது. 25 டிகிரியைத் தாண்டும்போது, 1.21 அடர்த்திக்கு அருகில், உப்பு பூக்கத் தொடங்கும். அதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும். 29, 30 டிகிரிக்கு மேல் விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து உப்பு கசக்கும். எந்தப் பாத்தியிலிருந்து எந்தப் பாத்திக்கு எப்போது நீரைத் திறப்பது என்ற முழுத்தொழிலும் இந்த ஓர் எண்ணில் நிற்கிறது. இங்கே உப்பளத்தார் அடர்த்தியைப் பார்ப்பது அடர்த்திக்காக அல்ல. கரைந்திருப்பது எவ்வளவு என்பதற்கு அது பினாமி.

பினாமியை நம்புவதில் உள்ள ஆபத்துக்குப் பால்தான் சரியான பாடம். நல்ல பசும்பாலின் அடர்த்தி 1.028-இலிருந்து 1.030 வரை, எருமைப்பாலுக்குக் கொஞ்சம் மேல். பால்மானியில் 30 என்று படித்தால் 1.030 என்று பொருள். கும்பகோணம் டிகிரி காபிக்கு அந்தப் பெயர் பால்மானி டிகிரியால் வந்தது என்பார்கள். சிக்கரி மருவி டிகிரியானது என்பாரும் உண்டு. நான் வழக்குக்கு வரவில்லை. பாலில் பத்துக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் 30 என்பது 27 ஆகும், பிடிபடும். ஆனால் பாலில் இரண்டு எதிர்க்கட்சிகள் இருக்கின்றன. கொழுப்பின் அடர்த்தி 0.93, தண்ணீரைவிட லேசு. மற்றத் திடப்பொருள்கள் தண்ணீரைவிட மிகக் கனம். நாலு சதவீதக் கொழுப்புள்ள ஒரு லிட்டர் பாலில் பாதிக் கொழுப்பை ஏடாக எடுத்துவிட்டால் மானி இறங்காது, ஏறும், 32 காட்டும். இப்போது லிட்டருக்கு எழுபது மில்லி தண்ணீர் சேர்த்தால் மறுபடியும் 30. இரண்டு திருட்டும் சேர்ந்து ஒரு நேர்மை. இதனால்தான் பால் சங்கங்களில் மானியோடு விடாமல் கொழுப்பையும் தனியே அளந்து, இரண்டையும் ஒரு வாய்பாட்டில் போட்டுக் கொழுப்பற்ற திடப்பொருளைக் கண்டு விலை போடுகிறார்கள். கறந்த சூட்டோடு அளந்தாலும் எண் குறைத்தே காட்டும். நுரையின் காற்று அடங்கச் சிறிது நேரம் கொடுக்க வேண்டும். விடியற்காலையில் வரிசையில் நிற்கும் விவசாயிக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

பெட்ரோல் பங்கில் வாடிக்கையாளர் கேட்டால் அடர்த்தி பார்த்துக் காட்ட வேண்டும். 500 மில்லி ஜாடி, நீர்மானி, வெப்பமானி மூன்றும் அங்கே இருக்கும். பார்த்த எண்ணை 15 டிகிரி செல்சியசுக்கு மாற்றித்தான் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். ஒரு கன மீட்டருக்கு 3 கிலோவுக்குமேல் விலகினால் சந்தேகம். ஏன் 15 டிகிரி? பெட்ரோல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பெருக்கிறது. 15 டிகிரியில் 745 ஆக இருப்பது 35 டிகிரி வெயிலில் 727 போல நிற்கும். பெட்ரோலில் ஒரு மாற்றமும் இல்லை, பருமன் நகர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் 800 என்பதால் பத்துக்கு ஒன்று கலந்தால் ஐந்தாறு கிலோ ஏறிக் காட்டிக்கொடுக்கும். ஆனால் லேசான கரைப்பான் ஒன்றையும் சேர்த்துச் சரிக்கட்டினால், பாலில் பார்த்த அதே வித்தைதான். அடர்த்தி சரியில்லை என்றால் சரக்கு சரியில்லை; அடர்த்தி சரியாக இருப்பதால் மட்டும் சரக்கு சரி என்று ஆகாது.

வெப்பநிலை விஷயத்தில் அறிவியலே ஒருமுறை தடுக்கியிருக்கிறது. 1795-இல் பிரான்சில் கிராமை ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை என்று வகுத்தபோது, உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையைச் சொன்னார்கள். தண்ணீர் மிக அடர்ந்திருப்பது அங்கே அல்ல, 4 டிகிரிக்கு அருகில் என்பதால் 1799-இல் பிளாட்டினக் கிலோவைச் செய்தபோது அதற்கு மாறினார்கள். அப்படியும் அந்தப் படிக்கல் கொஞ்சம் பிசகிவிட்டது. 1901-இலிருந்து 1964 வரை லிட்டர் என்பது ஒரு கிலோ தண்ணீரின் பருமன். அது ஆயிரம் கன சென்டிமீட்டரைவிட 0.028 அதிகம். அறுபத்து மூன்று ஆண்டு, மில்லிலிட்டரும் கன சென்டிமீட்டரும் ஒன்றல்ல.

தூளும் மணலும் தானியமும் வந்தால் பருமன் என்ற சொல்லே ஆட்டம் காண்கிறது. குவார்ட்சு மணியின் அடர்த்தி 2.65. அதே மணலை ஒரு பெட்டியில் கொட்டி அளந்தால் 1.55 போல வரும். மீதி நாற்பது சதவீதம் இடைவெளி. வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், மணல் யூனிட் கணக்கில் வரும்; ஒரு யூனிட் நூறு கன அடி. நூறில் ஐந்து பங்கு ஈரம் இருந்தால் மணிகளைச் சுற்றிய நீர்ப்படலம் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளும். மணல் கால்பங்கு உப்பிவிடும், பொடிமணல் அதற்கு மேலும். லாரியில் நூறு கன அடி இருப்பது உண்மை. உலர்ந்தால் எண்பதுதான் மிஞ்சும் என்பதும் உண்மை. வேடிக்கை என்னவென்றால், அதே மணலைத் தண்ணீரில் முழுக்க மூழ்கடித்தால் படலங்கள் உடைந்து பழைய மட்டத்துக்கே இறங்கிவிடும். கட்டட மேற்பார்வையாளர் ஒரு ஜாடியில் ஈரமணலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது இதற்குத்தான். ஒன்றுக்கு ஆறு என்று சட்டியால் கலவை போடும்போது இதைக் கவனிக்காவிட்டால் மணல் குறைந்து சிமெண்ட் வீணாகும்.

படியால் நெல்லும் அரிசியும் அளந்த காலத்தில் இந்த வித்தை எல்லோருக்கும் கைவந்திருந்தது. தலைதட்டி அளப்பது, கும்பாரமாக அளப்பது, வாங்கும்போது குலுக்குவது, கொடுக்கும்போது குலுக்காமலிருப்பது. 1956-இல் வந்த எடை அளவைச் சட்டத்துக்குப் பின் படிப்படியாகக் கிலோ வந்து, அரிசியின் பருமனைப் பற்றிய சண்டை ஓய்ந்தது.

சமையலறையில் இன்னும் ஓயவில்லை. உளுந்தை ஆட்டும்போது ஒரு சொட்டு மாவைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுப் பார்ப்பார்கள். மிதந்தால் வடை மெத்தென்று வரும். உளுந்தும் தண்ணீரும் சேர்ந்தது தண்ணீரைவிடக் கனமாகத்தானே இருக்க வேண்டும்? மிதப்பது உள்ளே அடிபட்டு மாட்டிக்கொண்ட காற்றால். அங்கே அளக்கப்படுவது உளுந்தல்ல, காற்று. நுரைக்கல் மிதப்பதும் இப்படித்தான். அதை இடித்துப் பொடியாக்கினால் பொடி மூழ்கிவிடும். மரங்களின் கதை இன்னும் அழகானது. தேக்கு 0.65, மிதக்கும், கருங்காலி 1-ஐத் தாண்டும், மூழ்கும். ஆனால் எந்த மரமானாலும் அதன் செல்சுவரின் அடர்த்தி சுமார் 1.5தான். தேக்கும் கருங்காலியும் வேறுபடுவது நடுவில் விட்டுவைத்த வெற்றிடத்தில். கட்டுமரத்தைக் கரைக்கு இழுத்துக் காயப்போடுவது அந்த வெற்றிடத்தைத் தண்ணீரிடமிருந்து மீட்கத்தான். ஆய்வுக்கூடத்தில் இந்த உள்வெளிகளைக் கழித்துப் பருமன் காண ஹீலியம் வாயுவை உள்ளே செலுத்துகிறார்கள். அது புகாத சந்து அபூர்வம்.

வாயுக்களில் ஒரு குட்டிப் பிழையிலிருந்து புதுத் தனிமமே பிறந்தது. லார்ட் ரேலி 1890-களின் தொடக்கத்தில் நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். ஒரே கண்ணாடிக் கோளத்தில் காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் 2.310 கிராம், வேதிப்பொருள்களிலிருந்து எடுத்தது 2.299 கிராம். வித்தியாசம் சுமார் 11 மில்லிகிராம், அரைச் சதவீதம். வேறொருவர் என்றால் கை நடுக்கம் என்று விட்டிருப்பார். ரேலி விடாததற்குக் காரணம், தன் கோளத்தை அவர் அறிந்திருந்த விதம். காற்றை வெளியேற்றினால் வெளியழுத்தத்தில் கண்ணாடிக் கோளம் துளி சுருங்குகிறது, அதனால் அதன் மிதப்புத் தூக்கல் மாறுகிறது என்று 1888-லேயே கண்டு கணக்கில் சேர்த்திருந்தார். கோட்டுக்குக் கீழே இருப்பதை அந்த அளவுக்கு நம்பியவருக்குத்தான் மேலே வந்த 11 மில்லிகிராம் உண்மையாகத் தெரிந்தது. 1894-இல் வில்லியம் ராம்சேயோடு சேர்ந்து ஆர்கானை அறிவித்தார். காற்றில் நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவாக ஒளிந்திருந்த வாயு. 1904-இல் ஒருவருக்கு இயற்பியலிலும் மற்றவருக்கு வேதியியலிலும் நோபல் பரிசு. வாயு அடர்த்தியின் வீட்டுப் பாடம் சுருக்கமானது: சமையல் எரிவாயு காற்றைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் கூரைக்குப் போகாது, தரையில் படுத்திருக்கும். மேல் சன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறக்க வேண்டும்.

நிறுக்கவும் முடியாத, முக்கவும் முடியாத பொருள் பூமி. பருமன் தெரிந்தது, இங்கே மட்டும் சிக்கல் கோட்டுக்கு மேலே. 1798-இல் ஹென்றி கேவண்டிஷ் ஒவ்வொன்றும் 158 கிலோ எடையுள்ள ஈயக்குண்டுகள் சிறுகுண்டுகளை இழுக்கும் விசையை முறுக்குத் தராசில் அளந்து, பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் 5.48 மடங்கு என்று சொன்னார். இன்றைய மதிப்பு 5.51. நம் காலடிப் பாறை 2.7தான். அப்படியானால் ஆழத்தில் மிகக் கனமான ஏதோ இருந்தாக வேண்டும் என்பது அந்த ஒரே எண்ணிலிருந்து வந்துவிடுகிறது. பரங்கிமலை அருகே 1802-இல் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவை, வடக்கே போனபோது இதன் மறுபக்கத்தைக் காட்டியது. இமயத்துக்கு அருகிலும் தொலைவிலும் உள்ள இரு இடங்களுக்கு இடையே கோணக் கணக்கில் ஐந்து விநாடிக்குச் சற்று மேல் இடறியது. மலை தூக்குக்குண்டை இழுத்ததால்தான் என்று பார்த்தால், கல்கத்தாவில் திருச்சபைப் பொறுப்பிலிருந்த ஜான் பிராட் 1855-இல் போட்ட கணக்குப்படி மலை அதைப்போல் மூன்று மடங்கு இழுத்திருக்க வேண்டும். மலை ஏன் குறைவாக இழுத்தது? அதற்கடியில் அடர்த்தி குறைந்த வேர் இருப்பதால் என்றார் ஜார்ஜ் ஏரி. பனிமலை கடலில் மிதப்பதுபோல இமயமும் மிதக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடப்பதற்கும், பூமியின் ஆழத்தில் அடர்த்தி குறைந்த சூடான பொருள் பரவியிருப்பதையே இப்போது காரணமாகச் சொல்கிறார்கள்.

நட்சத்திரங்களில் பருமனை ஒளியிலிருந்து கறக்க வேண்டும். சிரியசின் மங்கலான துணைக்குச் சூரியனின் நிறை. அது சுற்றும் பாதை அதைச் சொல்லிவிடுகிறது. வெப்பத்தோடு ஒப்பிட்டால் அது தரும் ஒளி மிகக் குறைவு; ஆகவே உருவம் பூமியளவுதான். வகுத்தால் ஒரு கன சென்டிமீட்டருக்கு இரண்டு டன்னுக்கு மேல். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது யோசித்துக்கொண்டிருந்தது இத்தகைய அடர்த்தியில் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத்தான்.

எதிர்முனையில், மனிதன் ஒரு பருமனை மிகுந்த கவனத்தோடு அளந்தது ஒரு சிலிக்கான் உருண்டையில். அவகாட்ரோ எண்ணைக் கணக்கிடுவதற்காக, ஒரு கிலோ எடையில், சுமார் 94 மில்லிமீட்டர் விட்டத்தில் அதைக் கடைந்தார்கள். விட்டத்தை எல்லாப் பக்கமும் லேசரால் அளந்தார்கள். அதைப் பூமியளவு பெருக்கினால் மேடு பள்ளம் சில மீட்டர்தான் இருக்கும். கிலோகிராமை உலோகக் கட்டியிலிருந்து விடுவித்து 2019 மே 20-இல் வந்த புதிய வரையறைக்கு அந்த உருண்டையும் ஒரு தூண்.

மனித உடலுக்கு இந்தச் சொகுசு இல்லை. ஆளைத் தண்ணீருக்குள் உட்காரவைத்து எடைபோட்டுக் கொழுப்பு விகிதம் காண்பது உண்டு. 495-ஐ அடர்த்தியால் வகுத்து 450-ஐக் கழித்தால் சதவீதம் வந்துவிடும், கொழுப்பு 0.9, மற்றது 1.1 என்ற அனுமானத்தில். மூச்சை முழுக்க விட்டபிறகும் நுரையீரலில் தங்கும் காற்றின் பருமன் தெரியாவிட்டால் கணக்குக் கவிழ்ந்துவிடும்.

சென்ற ஆண்டு என் அத்தைக்கு எலும்பு அடர்த்திச் சோதனை எடுத்தோம். மெலிந்த, சின்ன உருவம். படுக்கவைத்துக் கதிர் செலுத்தி, பத்து நிமிடத்தில் முடித்து அறிக்கையைக் கொடுத்துவிட்டார்கள். அத்தை இளவயதாரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்ற எண் ஒரு பக்கம். அடர்த்தி என்று தலைப்பிட்ட எண் இன்னொரு பக்கம். அந்த எண்ணின் அலகைப் பார்த்தேன். கிராமின் கீழே சதுர சென்டிமீட்டர் என்று இருந்தது. கதிர் ஒரு நிழற்படத்தைத்தான் தருகிறது. எலும்பின் தடிமன் அதில் தெரியாது. ஆகவே பருமனுக்குப் பதில் பரப்பால் வகுத்துவிடுகிறார்கள். தடித்த எலும்புக்காரருக்கு எண் தானாகக் கூடும், சின்ன எலும்புக்காரருக்குக் குறையும். மருத்துவரிடம் இதைக் கேட்டேன். “ஆமாம், அத்தை மாதிரி சின்ன உடம்புக்காரங்களுக்கு அதையும் மனசுல வெச்சுத்தான் பார்ப்போம்” என்றவர், கால்சியம் மாத்திரையின் பக்கத்தில் எழுதியிருந்த அளவை அடித்துவிட்டுக் கொஞ்சம் குறைத்து எழுதினார்.